முதுகில் ஒட்டிய வைக்கோல்

தம்பி கண் மூடிய அந்த மத்தியானம் அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கால்மாட்டில் அவன் மனைவி, ஜன்னலோரம் மகள், அவள் தோளைப் பிடித்தபடி மருமகன், கதவு நிலை தலையில் இடிக்காமல் குனிந்து நின்ற ஏணி, தலைமாட்டு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து ஈரத்துணியால் தம்பியின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா. வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. அன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பின்னால் பெருகிவிட்டார்கள். அதுவோ அலமாரிக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிற அறை.

ஏணி என்பவர் தம்பியோடு காலமெல்லாம் சேர்ந்து பெயிண்ட் அடித்த கூட்டாளி. ஏணியைத் தோளில் தூக்கி வருவதால் வந்த பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார். உயரத்தால் வந்த பெயர் என்பது பார்க்கிற எவருக்கும் தெரியும். வைத்தவன் தம்பி.

அக்கா துணியைக் கிண்ணத்தில் நனைத்தாள். பிழிந்தாள். மறுபடியும் துடைக்கப் போனவள் கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிள்ளைப்பேறு வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். எத்தனையோ பிள்ளைகளின் முதல் மூச்சுக்காகக் காத்து நின்ற காது. அடுத்த மூச்சு வரவில்லை என்பது மற்றவர்களுக்கு முன்பே அந்தக் காதுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சொல்லவில்லை. அவரவர் தாமாக அறியட்டும் என்று துணியை இன்னொரு தடவை நனைத்து, இன்னொரு தடவை பிழிந்தாள். தம்பி மனைவிதான் முதலில் அவன் பாதத்திலிருந்து கையை எடுத்தாள்.

திறந்திருந்த கதவுக்கு அப்பால் கூடத்து மூலையில் குடில் தெரிந்தது. ஆடுகள், மேய்ப்பர்கள், மாதா, சூசையப்பர், ஒரு காது உடைந்த கழுதை. எல்லோரும் சுற்றி நின்று நடுவிலிருந்த காலித் தீவனத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் வர இன்னும் சில நாட்கள் இருந்தன.

அந்தத் தொட்டியைப் பற்றித்தான் அன்று காலையில் பேச்சு வந்தது.

அந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரத் திருவருகைக் காலத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அப்பா வைத்த ஒழுங்கு. முதல் ஞாயிறன்று குடில் கட்டி, வளையத்தில் நான்கு மெழுகுவர்த்தி நட வேண்டும். ஞாயிற்றுக்கு ஒன்றுதான் ஏற்ற வேண்டும். கிறிஸ்துமஸ் பாட்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வாயில் வரக் கூடாது. குழந்தை இயேசு, எல்லோரும் கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்குப் போய்வந்த பிறகுதான் தொட்டிக்கு வருவார். அதுவரை அவர் இருக்கும் இடம் அக்காவின் அலமாரி இழுப்பறை. சாவி அக்காவின் இடுப்பில். தெருவில் மற்ற வீடுகளில் மாதம் பிறந்த அன்றே விளக்குச் சரம் தொங்கும், பாட்டு அலறும், குழந்தையும் படுத்திருக்கும். பண்டிகை வருவதற்குள் அவர்களுக்குப் பண்டிகை அலுத்துப்போயிருக்கும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நடப்பார். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது சொல்வார்: "வந்து இறங்குறதுக்கு முன்னாடியே வரவேற்பு. வர்றவருக்கே கூச்சமா இருக்கும்."

அப்பாவும் பெயிண்டர்தான். ஒரு பூச்சு காயாமல் அடுத்த பூச்சு தொடாத மனிதர். அவர் அடித்த கதவுகள் அவர் போன பிறகும் உரியாமல் இருந்தன. அந்தப் பெயரைக் காப்பாற்றுவது தன் பொறுப்பு என்று அக்கா எண்ணியிருந்தாள். கதவுகளைத் தம்பி பார்த்துக்கொண்டான். ஒழுங்கை அவள் பார்த்துக்கொண்டாள்.

காலையில் சமையலறையில் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் மகள் வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு வந்தவள். தூங்கிப் பல நாளாகியிருந்தது.

"அத்தை, குழந்தையை இன்னைக்கே வெச்சிடலாம்."

அக்கா வடிகட்டியைத் தட்டினாள். "நாள் வரட்டும்."

"நாள் வரும் அத்தை. அப்பா இருக்கணுமே."

அக்கா கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினாள். வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொன்னபோது அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தம்பியின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஞாயிறு வரைகூடப் போகாது என்று அவளே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கண் திறக்கும்போதெல்லாம் அப்பா அந்தத் தொட்டியைத்தான் பார்க்கிறார் என்று மகள் சொன்னாள். ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்றும் கேட்டாள். கடைசியில் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"யாருக்குத் தெரியணும்?" என்றாள் அக்கா. "உங்க தாத்தா இதே மாசத்துல படுக்கையில கிடந்தார். அவருக்காகவும் வெக்கல. அவர் வெக்கவும் சொல்லல."

மகள் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அன்று முழுவதும் அவள் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தப் பேச்சு நடந்தபோது கூடத்தில் அக்காவின் சித்தி மகள் உட்கார்ந்திருந்தாள். பழம் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்தவள். அவளுக்கும் தம்பி ஒரு பெயர் வைத்திருந்தான்: ரேடியோ. சமையலறைக் கதவு சாத்தியிருக்கவில்லை. அவள் தம்பியின் கட்டிலருகே நின்று சத்தமாக ஒரு ஜெபம் சொல்லி, கண்ணைத் துடைத்து, மத்தியானத்துக்கு முன்பே கிளம்பிப் போனாள். மத்தியானத்துக்கு முன்பே.

தம்பியை அவசரக்குடுக்கை என்று முதலில் கூப்பிட்டது அம்மா. இப்படியொரு திருவருகைக் காலத்தில், பிறக்க வேண்டிய நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வந்து பிறந்தவன். "வயித்துக்குள்ளயே இருப்புக்கொள்ளல இவனுக்கு" என்பாள் அம்மா. சீக்கிரமே 'அவசர'த்தையும் விட்டுவிட்டு வெறும் குடுக்கை என்று ஆக்கிக்கொண்டார்கள். அது பொருத்தமாகத்தான் இருந்தது. மாவு பொங்குவதற்குள் மூடியைத் திறப்பான். வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் முடிவைத் தபால்காரரிடம் கேட்பான். பல் ஆட ஆரம்பித்தால் அன்றே நூலைக் கட்டிக் கதவில் மாட்டிவிடுவான்.

ஒரு வருடம், முதல் ஞாயிறு முடிந்த வாரத்தில், அக்கா கூடத்தைப் பெருக்கும்போது வளையத்தில் இரண்டாவது மெழுகுவர்த்தியின் திரி நுனி கறுத்திருப்பதைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் தீக்குச்சி வாடை. குடுக்கை அங்கே ஒளிந்துகொண்டு ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா வேலையிலிருந்து வரும் நேரம். அக்கா நகம் வெட்டும் கத்தரியை எடுத்து, கறுத்த நுனியை வெட்டிப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அப்பா வந்தார், வளையத்தைப் பார்த்தார், கை கழுவப் போனார். அந்த ஞாயிறு அப்பா இரண்டாவதை ஏற்றத் தீக்குச்சியை எடுத்து நீட்டியபோது குடுக்கை அக்காவைப் பார்த்துச் சிரிக்காமலிருக்கப் பட்ட பாட்டில் அவனுடைய இடது வாயோரம் மட்டும் மேலே ஏறி நின்றது. பெரியவனான பிறகும் எதையாவது மறைக்கும்போது அவன் முகத்தில் அந்த ஓரம்தான் காட்டிக்கொடுக்கும்.

வைக்கோல் விஷயம் அதற்கு அடுத்த வருடம் நடந்தது.

குழந்தை சுதையால் ஆனது, உள்ளங்கை அளவு. அப்பாவின் அப்பா வாங்கியது. வருடா வருடம் கொஞ்சம் பூச்சு உதிரும், அப்பா ஒரு மெல்லிய பிரஷால் தொட்டுவிடுவார். அந்த வருடம் முதல்முதலாகக் குடுக்கையின் கையில் பிரஷைக் கொடுத்தார். முகத்தைத் தான் தொட்டுவிட்டு, முதுகுக்கு இவனைப் பூசச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாளுக்கு முந்தின காலை. எனாமல் பூச்சு. "நாளைக்கு ராத்திரி வரைக்கும் கை வெக்காத" என்று சொல்லி ஜன்னல் மேடையில் குப்புறக் கிடத்திவிட்டுப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் குடுக்கை அதை எடுத்துத் தொட்டியில் படுக்க வைத்துப் பார்த்துவிட்டான். பார்க்க மட்டும்தான். உடனே எடுக்கத்தான் நினைத்தான். எடுத்தால் வைக்கோலும் சேர்ந்து வந்தது.

அக்காவால் அன்று அவனைக் காப்பாற்ற முடியவில்லை. பிடுங்கப் பிடுங்கப் பூச்சும் உரிந்தது. அப்பா வந்து குழந்தையைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பார் என்று இருவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவர் வெளியே நீட்டிக்கொண்டிருந்த வைக்கோல்களை மட்டும் கத்தரித்துவிட்டு, பூச்சில் புதைந்தவற்றை அப்படியே விட்டார். "ஒட்டினது ஒட்டினதுதான். இனிமே இது இவனோட வைக்கோல்" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பு சொன்னார். இனிமேல் குழந்தையைப் பூட்டி வைப்பது அக்கா. தொட்டியில் வைப்பது தம்பி. சாவி இருக்கிறவளுக்கு வைக்கிற உரிமை இல்லை, வைக்கிறவனுக்குச் சாவி இல்லை.

அன்றிலிருந்து சாவி அக்காவின் இடுப்பில் இருந்தது. பாவாடையில் இருந்து சேலைக்கு மாறியது. வார்டுக்குப் போகும் நாட்களில் வெள்ளைச் சீருடையின் பையில் இருந்தது. வலியில் துடித்து இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கிற பெண்களிடம் அவள் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்: நேரம் வரட்டும். கல்யாணப் பேச்சுகள் வந்தன, போயின. அதற்கு அவள் காத்திருக்கவில்லை. அதைப் பற்றி வருத்தப்பட்டதாக யாரும் சொல்ல முடியாது.

தம்பிக்குத் தொழில்தான் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது. அப்பாவோடு வேலைக்குப் போன புதிதில், ஒரு பள்ளிக்கூடத்துப் பெரிய கதவில் காயாத பூச்சின்மேல் ஐந்து விரலையும் பதித்துவிட்டான். அப்பா முழுக் கதவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப அடித்தார். அடித்துவிட்டு, இது காய்கிற வரைக்கும் பிள்ளைகள் யாரும் தொடாமல் பார்த்துக்கொள் என்று அவனையே கதவுக்குக் காவல் வைத்தார். பள்ளி விட்டு ஓடி வந்த பிள்ளைகளையெல்லாம் இரண்டு கையையும் விரித்து நிறுத்தி, பின்வாசல் வழியாக அனுப்பினானாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் அக்காவிடம் தன் ஆள்காட்டி விரலை மடக்கி, புறத்தைக் காட்டினான். "உள்பக்கத்தால தொட்டா ரேகை விழுந்துரும். இப்படித் தொடணும்க்கா. ஒட்டலைன்னா காஞ்சிருச்சு." ஏதோ புதையலைக் கண்டுபிடித்தவன் மாதிரி சொன்னான். அதன் பிறகு அவன் சுவர், கதவு, ஜன்னல் கம்பி எதையும் விரலின் புறத்தால் தொடாமல் கடந்ததில்லை. கல்யாணத்தன்று கோயில் கதவைக்கூட அப்படித் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனான். மணப்பெண் வீட்டார் அதை ஏதோ பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்பா போன பிறகு குழந்தைக்கு வண்ணம் தொடுவது அவன் வேலையாயிற்று. குடில் கட்டுவதற்கு முந்தின வாரம் அக்காவிடம் கை நீட்டுவான். அவள் பூட்டைத் திறந்து கொடுப்பாள். உதிர்ந்த இடத்தைத் தொட்டு, காயவைத்து, விரல் புறத்தால் சோதித்து, திரும்பத் தருவான். முதுகை மட்டும் தொடமாட்டான். இந்த வருடம் அவன் கை நீட்டவில்லை. பெயிண்ட் வாடையே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தையின் கன்னத்தில் ஒரு மிளகு அளவு பூச்சு உதிர்ந்து வெள்ளை தெரிந்தது. அப்படியே உள்ளே இருந்தது.

ரேடியோ கிளம்பிப் போன பிறகு வீடு அமைதியானது. மகளும் மருமகனும் மருந்துக் கடைக்குப் போனார்கள். இரண்டு நாளாகக் குளிக்காத தம்பி மனைவியை அக்காதான் விரட்டிக் குளியலறைக்கு அனுப்பினாள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

தம்பி கண் திறந்திருந்தான். அக்கா அவன் பார்வை போன வழியே போனாள். கதவு, கூடம், கழுதை, தொட்டி.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். தலையை லேசாக ஆட்டி வேண்டாமென்றான். தலையணையைச் சரி செய்யட்டுமா என்று கேட்டாள். அதற்கும் அப்படித்தான். அவன் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லி அவளுக்கு ஆயுள் முழுக்கப் பழக்கம்.

அவள் எழுந்தாள். தன் அறைக்குப் போனாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். இழுப்பறை எப்போதும் போலக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறந்த பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி வெள்ளைத் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, சொந்த வீட்டில் திருடியவள் போலச் சுவரோரமாக நடந்து வந்தாள்.

துணியைப் பிரித்துக் குழந்தையை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தொட்டியில வெச்சிடட்டுமா? இங்கிருந்தே பாக்கலாம்."

தம்பி குழந்தையைப் பார்த்தான். கட்டைவிரலால் முதுகைத் தடவி வைக்கோலைத் தேடிக் கண்டுபிடித்தான். கன்னத்தில் உதிர்ந்த இடத்தைப் பார்த்தான். பிறகு மற்றக் கையை மெல்ல, மிக மெல்லத் தூக்கி, ஆள்காட்டி விரலை மடக்கி, அந்த விரலின் புறத்தால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டான். தொட்டு, எடுத்தான்.

"இன்னும் காயலக்கா."

இந்த வருடம் அவன் பிரஷையே தொடவில்லை. நினைவு தப்புகிறது என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். குனிந்து முகத்தைப் பார்த்தாள். இடது வாயோரம் மேலே ஏறி நின்றது.

"எடுத்து உள்ள வை" என்றான். மூச்சு வாங்கினான். "நாள் வரட்டும்."

"குடுக்கை." அவனுக்குப் பிள்ளை பிறந்த பிறகு அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "இப்ப என்னடா புதுசாப் பொறுமை?"

பதில் வர நேரமாயிற்று. அவள் காத்திருந்தாள்.

"இப்பத்தான்... பழகுது."

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா கையில் அகப்பட்ட துணியில் குழந்தையைச் சுற்றினாள். திரும்பினால் ஏணி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கையில் சாப்பாட்டுத் தூக்கு. அவர் அவளையும் பார்க்கவில்லை, அவள் முந்தானையையும் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து கூடத்து மேல் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூலைல ஒரு வெடிப்பு இருக்குக்கா" என்றார். "பட்டி பாக்கணும்."

"பாருங்க" என்றாள் அக்கா. குழந்தையை உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, கிண்ணத்தில் தண்ணீர் மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளும் மருமகனும் வந்தார்கள். தம்பி மனைவி ஈரத் தலையோடு வந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லியாயிற்று.

அன்று சாயங்காலத்திலிருந்து மறுநாள் அடக்கம் வரை அக்கா உட்காரவில்லை. ஆட்கள் வருவதற்கு முன் தம்பிக்குச் சவரம் செய்ய வேண்டும் என்றாள், ஏணி செய்தார். அவனுடைய வெள்ளைச் சட்டைகளில் பெயிண்ட் படாத ஒன்றைத் தேடிப் பெட்டியின் அடிவரை போனாள். நகக்கண்ணில் இருந்த வெள்ளையைச் சுத்தம் செய்யட்டுமா என்று மருமகன் தின்னர் பாட்டிலோடு வந்தான். "அது அழுக்கில்லப்பா, உள்ள வை" என்றாள். அழுது புரள வந்தவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இந்த வீட்டில் துக்கத்துக்கும் ஒரு முறை இருந்தது. மகள் எல்லா வேலையும் செய்தாள், சொன்னதையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டு கொடுத்தாள்.

சவப்பெட்டி வந்தது. புதிதாக வார்னிஷ் அடித்த பெட்டி. கொண்டுவந்தவர்கள் இறக்கி வைத்ததும் ஏணி யாரும் கேட்காமலே குனிந்து, விரலை மடக்கி, மூடியின் ஓரத்தைப் புறத்தால் தொட்டார். தொட்ட விரலைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அடக்கத்துக்கு மறுநாள் நான்காவது ஞாயிறு. துக்க வீட்டில் இதெல்லாம் வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். அக்கா தீப்பெட்டியை எடுத்துத் தம்பி மனைவியிடம் கொடுத்தாள். அவள் ஏற்றினாள். நான்கும் எரிந்தன. முதலாவது ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. நான்காவது நெடுநெடுவென்று நின்றது. "நம்ம ஏணி மாதிரி நிக்குதுன்னு அவர் சொல்லியிருப்பார்" என்றாள் தம்பி மனைவி. சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. அந்த வருடம் சாயங்காலப் பூசைக்கே போய்வந்தார்கள். கூடத்தில் ஒற்றை விளக்கு. அக்கா இழுப்பறையிலிருந்து குழந்தையை எடுத்து வந்தாள். வைக்க வேண்டியவன் இல்லை. சாவி இருக்கிறவளுக்கு வைக்கிற உரிமை இல்லை. அவள் அதை மகளிடம் நீட்டினாள்.

மகள் வாங்கி, துணியைப் பிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நின்றாள். அது வெள்ளைத் துணி இல்லை. நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. ஒரு மூலையில் பச்சை எனாமல் சொட்டு. அப்பாவின் கைக்குட்டை. படுக்கையில் இருந்த கடைசி நாளில் தலையணையோரம் அவள்தான் அதை மடித்து வைத்திருந்தாள். அடக்கத்தன்று அவர் சட்டைப் பையில் வைக்க வீடெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை.

மகள் கைக்குட்டையைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். அக்கா குடிலில் சாய்ந்திருந்த ஓர் ஆட்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். மகள் குழந்தையை வைக்கோல் ஒட்டிய முதுகு கீழே வரும்படி தொட்டியில் கிடத்தினாள். கைக்குட்டையை மடித்து அத்தையின் கையில் வைத்து, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தாள்.

மறுநாள் காலையில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். துக்க வருடம் என்பதால் பலகாரம் இல்லை. காப்பி மட்டும். ஏணி வந்திருந்தார். அவர் சொன்னபடி கூடத்து மேல் மூலையில் வெடிப்பை அடைத்துப் பட்டி பார்த்திருந்தார். இன்னும் வண்ணம் அடிக்காததால் சுவரில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. ரேடியோவும் வந்திருந்தாள். குடில் முன்னால் நின்று, பக்கத்தில் நின்ற தன் நாத்தனாரிடம், கூடம் முழுக்கக் கேட்கிற மெல்லிய குரலில் சொன்னாள்:

"இதோ இந்தக் குழந்தைதான். பாவம், கடைசி நாள்ல ஒரு தடவை கண்ல காட்டுன்னு அவ்வளவு கெஞ்சினான். நாள் வரட்டும்னு இவங்க குடுக்கவே இல்ல. நான் அங்கதானே இருந்தேன்."

தம்பி மனைவி தலை நிமிர்ந்தாள். மகள் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். ஏணி தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். அக்கா அவரைப் பார்த்தாள். அவர் அப்படியே நின்று, தலையை அண்ணாந்து, தன் பட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

அக்கா கையிலிருந்த காப்பியை ஒரு வாய் குடித்தாள். கோப்பையை மேஜைமேல் வைத்தாள். முதுகு நாற்காலியில் சாயவில்லை.

"அவன் கெஞ்சல" என்றாள். "கேக்கவே இல்ல."